விடைத்தாளைப் பிரித்துப் பார்க்க

*

காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் முடியும். விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும் திருத்திய தாள்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும். அந்த வாரம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "பேப்பர் குடுத்துட்டாங்களா, எவ்வளவு?" அடுத்தது, "கிளாஸ்ல ஃபர்ஸ்ட் யாரு, அவனுக்கு எவ்வளவு?" பெரும்பாலும் இத்தோடு விசாரணை முடிந்து, திட்டோ பாராட்டோ தொடங்கிவிடுகிறது. தாளைப் பிரித்து உள்ளே பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி நிற்கிறது: "இந்த இடத்துல நீ என்ன நினைச்சு இப்படி எழுதினே?" பிள்ளைக்கு உதவுவது அந்தக் கேள்விதான்.

*

ஏழாம் வகுப்புக் கணக்குத் தாள் ஒன்று. என் தங்கை மகளுடையது. 60-க்கு 31. போனது 29 மதிப்பெண். எங்கே போனது என்று அவளும் நானும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம்.

12 – (5 – 3) = 4 என்று எழுதியிருந்தாள். விடை 10. இன்னோரிடத்தில் 20 – (9 – 4) = 7. விடை 15. பிறகு ஒரு கடைக் கணக்கு: 120 ரூபாய்ப் பொருளுக்கு 20 ரூபாய் தள்ளுபடி, 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? 500 – (120 – 20) என்று சரியாகவே அமைத்து, விடையை 360 என்று முடித்திருந்தாள். மூன்று இடத்திலும் சேர்த்து 9 மதிப்பெண். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. "முன்னாடி மைனஸ் இருந்தா உள்ளே இருக்கிற எல்லாத்தையும் கழிக்கணும்தானே பெரியம்மா?" என்று கேட்டாள். அது கவனக்குறைவு இல்லை. அவள் மனத்தில் அப்படி ஒரு விதி இருந்தது. அந்த விதிப்படி எல்லாக் கணக்கையும் ஒழுங்காகத்தான் போட்டிருந்தாள்.

கடைசியில் இருந்த 8 மதிப்பெண் வடிவியல் வினாவை அவள் தொடவே இல்லை. மணி அடித்துவிட்டதாம். மீதி 12 மதிப்பெண்ணும் எதிர் விகிதக் கணக்குகளில் போனவை. அந்தப் பாடம் நடந்த வாரம் அவளுக்கு அம்மை போட்டிருந்தது.

ஆக, 31 என்ற ஒரு எண்ணுக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள். தவறாகப் புரிந்துகொண்ட ஒரு விதி, தெரிந்தும் நேரம் இல்லாமல் போன ஒரு வினா, படிக்கவே வாய்ப்புக் கிடைக்காத ஒரு பாடம். முதலாவதைத் திருத்த அன்று மாலை கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது. அந்தக் கடைக் கணக்கையே நிஜ ரூபாய் நோட்டுகளை வைத்துச் செய்து பார்த்தாள். "நானூறு வருது" என்று சொன்னவள், உடனே தன் தாளில் இருந்த 360-ஐத் திரும்பிப் பார்த்தாள். அதற்குமேல் நான் விளக்க எதுவும் இல்லை. இரண்டாவதற்கு, கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும். மூன்றாவதற்கு, யாராவது அந்தப் பாடத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். "நல்லாப் படி" என்ற அறிவுரை இந்த மூன்றில் ஒன்றுக்கும் மருந்தாகாது.

*

"எல்லாம் கவனக்குறைவு" என்று மொத்தமாகச் சொல்லிவிடுவது சுலபம். உண்மையான கவனக்குறைவும் உண்டு: 56 என்று போட்டுவிட்டு விடையில் 65 என்று மாற்றி எழுதுவது, அலகு எழுத மறப்பது. அது தாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஒரே மாதிரித் தவறு மூன்றாவது முறையும் வந்தால், அதற்குப் பின்னால் ஒரு தப்பான புரிதல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

*

காரணத்தைத் தேடாமல் கையை ஓங்கும் வீடுகளும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2015-16 கல்வியாண்டை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2018 டிசம்பரில் வெளிவந்தது. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் வீட்டில் அடிபட்டு, அதிகாரிகள் விசாரித்து உறுதிசெய்த வழக்குகளை, மதிப்பெண் அட்டை வழங்கப்பட்ட தேதிகளோடு ஒப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை அட்டை கொடுத்தால், மறுநாள் சனிக்கிழமை அடிபட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை மற்றச் சனிக்கிழமைகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. வாரத்தின் மற்ற நாட்களில் கொடுத்தபோது இந்த ஏற்றம் இல்லை. மறுநாள் பள்ளி இருந்தால் ஆசிரியர் கண்ணில் படும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம், வார இறுதியின் குடிப்பழக்கம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள்.

நம் ஊரில் இப்படி ஒரு கணக்கை யாரும் எடுக்க வேண்டிய தேவை இல்லை. "மார்க் கம்மின்னா அப்பா பெல்ட்டை எடுப்பாரு" என்று சொல்லும் பிள்ளை எந்த வகுப்பறையிலும் இருக்கிறது. பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்குள் அந்தக் காவலைப் பெற்றவர்களே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

*

அடிக்கிற வீட்டில் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது மறைக்க. தாளைப் பைக்குள் மடித்து வைப்பது, கையெழுத்தைத் தானே போடுவது, "இன்னும் குடுக்கலை" என்று தள்ளுவது. இதைப் பொய் என்று மட்டும் பார்த்தால் இழப்பின் அளவு புரியாது. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை வீட்டுக்குச் சொல்ல இருக்கும் ஒரே காகிதம் அது. அது ஒளிந்துகொண்டால் அடைப்புக்குறித் தவறு அரையாண்டுக்கும் தொடரும், எட்டாம் வகுப்பு இயற்கணிதத்துக்கும் தொடரும். பிள்ளை பயமில்லாமல் தாளை நீட்டுகிற வீடாக நம் வீட்டை வைத்திருப்பதே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

"அப்பா வரட்டும், இருக்கு உனக்கு" என்பதையும் விட்டுவிட வேண்டும். அப்பா வரும்வரை அந்தப் பிள்ளை படும் பாடு ஒரு தண்டனை. வந்த பிறகு நடப்பது இன்னொன்று.

*

ஜெருசலேத்தின் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஒரு குழு மாணவர்களுக்கு வெறும் மதிப்பெண் கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு மதிப்பெண் இல்லாமல் குறிப்புரை மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். அடுத்த சுற்றில் முன்னேறியது குறிப்புரை மட்டும் பெற்ற குழு. இரண்டையும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. எண்ணைப் பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது, பக்கத்தில் எழுதியிருப்பது கண்ணில் ஏறுவதில்லை.

மதிப்பெண்ணைப் பள்ளி போட்டுவிடுகிறது, அதை நாம் நீக்க முடியாது. பார்க்கும் வரிசையை மாற்றலாம். மொத்தம் எழுதியிருக்கும் முதல் பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டு உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சரியாக எழுதிய ஒரு விடையை முதலில் படியுங்கள். "இதை நல்லா எழுதியிருக்கே, எப்படி யோசிச்சே?" என்று கேளுங்கள். தவறிய இடங்கள் அதற்குப் பிறகு. கூட்டுத்தொகை கடைசியில்.

*

"நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டலை, அவ பேப்பரைப் பார்த்தா எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பாடம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்தக் கேள்வியில என்ன கேட்டிருக்காங்க, எனக்குச் சொல்லு. நீ என்ன எழுதினே? டீச்சர் ஏன் சுழிச்சிருக்காங்க?" என்று கேட்டால் போதும். அம்மாவுக்குப் புரியும்படிச் சொல்ல முயலும்போது பிள்ளைக்கே எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். சொல்ல முடியாமல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லலாம். படித்த பெற்றோர் இந்த இடத்தில் பொறுமை இழந்து பேனாவைப் பிடுங்கித் தாங்களே கணக்கைப் போட்டுவிடுவது உண்டு. அதைவிட, கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருக்கும் அம்மா நல்ல துணை.

*

நல்ல மதிப்பெண் வரும்போது எப்படிப் பேசுவது என்பதும் யோசிக்க வேண்டியது. ஆய்வாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகள் 1998-இல் வெளிவந்தன. புதிர்களை நன்றாகச் செய்த சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்கள் கொடுத்தபோது, புத்திசாலி என்று கேட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எழுதிச் சொல்லச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் கூட்டி எழுதினார்கள்.

"எங்க பையன் பிரெய்ன் யாருக்கும் வராது" என்று உறவுக்காரர் முன்னால் சொல்லும்போது, அடுத்த தேர்வில் விழுவதற்கு அவன் பயப்படத் தொடங்குகிறான். "வரைபடத்தைத் தினம் ஒண்ணு போட்டுப் பார்த்தியே, அது கைகொடுத்திருக்கு" என்றால், மறுபடியும் செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவன் கையில் கொடுக்கிறோம். மார்க்குக்கு சைக்கிள், மார்க்குக்கு மொபைல் என்ற பேரமும் வேண்டாம். ஓட்டலுக்குப் போவதென்றால் தேர்வு முடிந்த அன்றே எல்லாரும் போய்ச் சாப்பிட்டு வரலாம்.

*

பொதுத்தேர்வு முடிவுகளில் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் தமிழக அரசு நிறுத்தியது. பிள்ளைகள் மீதான அழுத்தத்தைக் குறைக்கத்தான். அரசு கைவிட்ட தரவரிசையை வீடுகளும் கைவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை, அத்தை மகன், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யாரோ வைத்த மார்க் ஷீட் எல்லாம் நம் பிள்ளைக்கு அளவுகோல் ஆகின்றன. அந்த ஒப்பீட்டிலிருந்து பிள்ளைக்கு எந்தப் பாடமும் கிடைப்பதில்லை. அத்தை மகன் மேல் ஒரு வெறுப்பு மட்டும் மிஞ்சுகிறது.

*

மதிப்பெண் குறைந்தால் உடனே டியூஷன், விளையாட்டு நிறுத்தம், டி.வி. இணைப்புத் துண்டிப்பு. காரணம் தெரியாமல் எடுக்கும் முடிவுகள் இவை. ஓடியாடும் மாலை நேரத்தைப் பறித்தால் உறக்கமும் கெடும், படிப்பும் கெடும்.

*

திடீரென மதிப்பெண் சரிந்தால் கண்ணைப் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். வகுப்பில் யாராவது சீண்டுகிறார்களா என்று கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் பளிச்சென்று சொல்லும் பிள்ளை, எழுத்தில் மட்டும் தொடர்ந்து எழுத்துகளை மாற்றிப் போட்டால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் காட்ட வேண்டும். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. சான்றிதழ் பெற்று முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சோம்பேறி என்று ஏழெட்டு வருடம் திட்டுவாங்கிய பிறகு இது தெரியவருவது கொடுமை.

*

தேர்ச்சிக்கு வேண்டிய 35-ஐத் தொடாத பிள்ளைகளைப் பற்றி. 2025-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. எழுதியவர்கள் எட்டே முக்கால் லட்சத்தை ஒட்டி. அப்படியானால் தேர்ச்சி பெறாதவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். தொலைக்காட்சி சாதனை விழுக்காட்டைச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே மணி நேரத்தில் இந்த வீடுகளில் ஒரு பிள்ளை அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அன்று அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். முதலில் சாப்பாடு. முடிவு கேட்டு வரும் தொலைபேசிகளைப் பெரியவர்கள் எடுத்துச் சுருக்கமாகப் பேசி முடித்துவிடுங்கள். "மானம் போச்சு" என்ற சொல் அந்த வீட்டில் ஒலிக்கக் கூடாது. துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது, அதில் தேறினால் அதே ஆண்டிலேயே மேல்வகுப்பு, ஐ.டி.ஐ. என்று சேர முடியும். இதைப் பிள்ளையிடம் அன்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். பிள்ளை பேச மறுத்தாலோ, விபரீதமாகப் பேசினாலோ 104, 14416 ஆகிய எண்களில் ஆலோசகர்கள் கிடைப்பார்கள். அழைக்கத் தயங்க வேண்டாம்.

*

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் வழக்கமாக நடப்பது: ஆசிரியர் குறை சொல்ல, அப்பா அங்கேயே பிள்ளையை முறைக்க, இரண்டு பெரியவர்களும் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். மாற்றிச் செய்து பாருங்கள். ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை: எந்தப் பாடப்பகுதியில் தடுமாறுகிறான்? வகுப்பில் சந்தேகம் கேட்கிறானா? அடுத்த ஒரு மாதத்தில் வீட்டில் எந்த ஒன்றை மட்டும் கவனிக்கட்டும்? "ஒன்றை மட்டும்" என்று கேட்டால் ஆசிரியரும் யோசித்துச் சொல்வார், பிள்ளையாலும் செய்ய முடியும்.

*

பல பள்ளிகளில் கையெழுத்து வாங்கியதும் தாளைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். அதனால் தாள் கையில் இருக்கும் அன்றே தவறிய வினாக்களைத் தனி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம் எழுதிய விடை, வலது பக்கம் சரியான விடை, கீழே ஒரு வரியில் ஏன் தவறியது என்று. அந்த ஒரு வரியைப் பிள்ளையே தன் சொல்லில் எழுத வேண்டும். டிசம்பரில் அரையாண்டு வருவதற்கு முன் புத்தகம் முழுவதையும் புரட்டும் பிள்ளைக்கு, முதலில் இந்த நோட்டைப் புரட்டச் சொல்லலாம். அரையாண்டுத் தாள் வந்ததும் பழைய தவறுகளில் எத்தனை மறைந்தன என்று இருவரும் எண்ணிப் பாருங்கள். மொத்தம் 31-லிருந்து 34 ஆகத்தான் ஏறியிருக்கலாம். ஆனால் அடைப்புக்குறிக் கணக்கு ஒன்றுகூடத் தவறவில்லை என்றால், அந்தப் பிள்ளை படித்திருக்கிறது. அதைப் பெற்றவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.