சிரித்தது சரி, சொன்னது தவறு

சனிக்கிழமை இரவு சாப்பாட்டை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு தொலைக்காட்சி முன் உட்காரும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். மாசாயில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் நகைச்சுவைத் தொடர் ஒன்றில் லஞ்சம் வாங்கும் நீதிபதி வில்லனாக வந்தார். ஒருவன் கோழியைக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் விடுவான். தீர்ப்பு அவன் பக்கம். எதிராளி ஆட்டுக்குட்டியோடு வருவான். உடனே நீதிபதி, "தீர்ப்பில் எழுத்துப்பிழை!" என்று சொல்லி மாற்றி வாசிப்பார். நானும் என் மனைவியும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் என் நான்காம் ஆண்டு மாணவர்கள் அதையே நடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கோல்தான் சுத்தியல். அழிப்பான்தான் லஞ்சம். நீதிபதியாக நடித்த பையன் அழிப்பானைக் கையில் எடை பார்த்து, "போதாது!" என்றான். வகுப்பே கலகலத்தது. நானும் சிரித்துக்கொண்டே, "நிஜத்திலும் எல்லாம் அப்படித்தானேடா நடக்குது!" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வந்த பேச்சு. மணி அடித்தது, நான் மறந்துவிட்டேன்.

அந்தப் பையன் மறக்கவில்லை.

அவனுடைய அப்பா ஒரு செம்பனைத் தோட்டத்தில் 22 ஆண்டுகள் குலை வெட்டியவர். நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. தோட்டத்தை மூடிவிட்டு, இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, லயத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அவரைத் தேநீர்க் கடையில் பார்த்தேன்.

"அண்ணே, தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? கோழி கொண்டு போறதா, ஆடு கொண்டு போறதான்னு தெரியாம நிக்கவா? எல்லாம் அப்படித்தான்னு நீங்களே வகுப்புல சொன்னீங்களாமே. பையன் வந்து சொன்னான்."

குடித்த தேத்தண்ணி எனக்குத் தொண்டையில் நின்றது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீதிமன்றத்தைக் கேலி செய்வது புதிய வழக்கம் அல்ல. சூத்திரகரின் பழைய வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழில் தந்தார். அதில் அரசனின் மைத்துனன் சகாரன், கோமாளியும் கொடியவனுமாக வருகிறான். வழக்கை எடுக்காவிட்டால் வேலை போய்விடும் என்று நீதிபதியையே மிரட்டுகிறான். நிரபராதியான சாருதத்தன் கொலைக்களம் வரை போகிறான். அந்த நாடகத்தைப் பார்த்தவர்களும் சிரித்திருப்பார்கள். சிரிப்பில் குற்றமில்லை. அதிகாரத்தில் இருப்பவரைக் கண்டு பயப்படாமல் இருக்கச் சிரிப்பு நமக்குக் கைகொடுக்கிறது.

ஆனால் கதை அதோடு முடிவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி மீது, வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து சேர்த்ததாக 1976இல் வழக்குப் பதிவானது. ஊழல் தடுப்புச் சட்டம் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம், நீதிபதியும் பொது ஊழியரே, அவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அவர் குற்றம் செய்தாரா என்பதை அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அந்த நாற்காலியில் இருப்பவரையும் கேள்வி கேட்கலாம் என்று சொன்னது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1993இல் கடலூர் பகுதியில் ராஜாக்கண்ணு என்ற ஏழை, காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்த உண்மைச் சம்பவம் அதற்கு அடிப்படை. அவர் மனைவி பார்வதி நியாயம் கேட்டு அலைந்தார். வழக்கறிஞர் சந்துரு கட்டணம் வாங்காமல் அவருக்காக உயர் நீதிமன்றம் போனார். அதே சந்துரு பிற்பாடு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி 2013இல் ஓய்வு பெற்றார். "எல்லாம் அப்படித்தான்" என்று பார்வதி வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த வழக்கே இல்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, நான் பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னது தவறு" என்றேன். நம் நாட்டில் ஆள்குறைப்பு இழப்பீட்டுக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அவருக்கு 440 நாள் சம்பளம் வர வேண்டும். கணக்கைப் பையனின் பயிற்சிப் புத்தகத்திலேயே போட்டுக் காட்டினேன். அவர் மனைவி தகரப்பெட்டியிலிருந்து பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து கொட்டினார்.

ஜொகூர் பாருவுக்கு நானும் கூடப் போனேன். விசாரணை இரண்டு முறை தள்ளிப்போனது. தற்காலிகமாகக் கிடைத்த வேலையில் அவருக்கு இரண்டு நாள் கூலி போனது. மூன்றாவது முறை முதலாளி தரப்பு, பணத்தை இரண்டு தவணையில் கொடுக்க ஒப்புக்கொண்டது. கோழியும் இல்லை, ஆடும் இல்லை. சம்பளச் சீட்டுத்தான் பேசியது.

வகுப்பிலும் பிள்ளைகள் முன் நின்று, "அன்று நான் சொன்னது தவறு" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார் தவறை ஒப்புக்கொள்வதை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை.

வாசகர்களே, தொலைக்காட்சியில் அந்த நீதிபதி மறுபடி வந்தால் நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய், உங்கள் சம்பளச் சீட்டுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.