கிச்சடித் தட்டில் உலகப் படம்

நைல் நதிக்கரை, யூப்ரடீஸ் டைக்ரிஸ் நதிக்கரை, சிந்து நதிக்கரை! பண்டைய நாகரிகங்கள் எங்கே தோன்றின என்று கேட்டால் நம் நாட்டுச் சிறுவர்கள் மூச்சு விடாமல் ஒப்பித்து விடுவார்கள். பொருள் தெரியாமல் மந்திரம் ஓதும் புரோகிதரைக் கேலி பேசுகிறோம். பொருள் தெரியாமல் ஆற்றின் பெயரை ஓதும் மாணவனுக்கோ நூற்றுக்கு நூறு போடுகிறோம்! அந்த ஆற்றங்கரையிலே வாழ்ந்தவன் காலையில் எழுந்து என்ன தின்றான்? அதை விளைத்தவன் யார்? இடித்தவள் யார்? உண்டு கொழுத்தவன் யார்? கேட்பாரில்லை. மன்னனின் பெயர் உண்டு, மகுடத்தின் படம் உண்டு. மாவரைத்த கல்லைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

இந்தக் குறை நம் நெஞ்சிலே நெடுநாளாக உண்டு. அது ஓரளவு தீர்ந்தது தியாகதுருகம் வட்டாரத்திலே. சென்னையிலிருந்து சேலம் செல்லும் பெருவழியில், கள்ளக்குறிச்சிக்குச் சற்றுக் கிழக்கே உள்ள ஊர் தியாகதுருகம். ஊருக்கு மேலே மலை, மலைமேலே கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காக அடித்துக்கொண்டனர். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது இவ்வூரும் அதனுள் வந்தது. கோட்டையின் கதை கிடக்கட்டும். நாம் கண்டு களித்தது, அருகிலுள்ள சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியை.

பிள்ளைகள் காலை உணவை முடித்திருந்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் அது. அன்று தட்டிலே இருந்தது ரவைக் கிச்சடியும் சாம்பாரும். ஆசிரியை பாடநூலைத் திறக்கவில்லை. சுண்ணக்கட்டியால் தரை நிறைய உலகப் படம் வரைந்தார். "இப்பொழுது தின்றீர்களே, அதிலே என்னென்ன இருந்தது?" என்றார். ரவை, வெங்காயம், தக்காளி, கேரட், மிளகாய், துவரம்பருப்பு, புளி என்று அடுக்கினார்கள் பிள்ளைகள். "மிளகாய் எந்த ஊர்?" என்று கேட்டதுதான் தாமதம், ஒரு பொடியன் எழுந்து, "எங்க ஊருதான் டீச்சர்! எங்க ஆயா வச்ச செடி, கொல்லையில காய்ச்சு நிக்குது" என்றான். வகுப்பு முழுதும் அவன் பக்கம்.

அவனைக் கொண்டுபோய் மெக்சிகோவிலே நிறுத்தினார் ஆசிரியை!

1492-இல் கொலம்பசு கடல் கடந்த பின்னரே அமெரிக்கக் கண்டத்து மிளகாய் வெளியுலகுக்கு வந்தது. போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டிலே அதை நம் கரையில் இறக்கினர். மிளகைப்போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று பெயரிட்டோம். வந்தேறிய கதையைப் பெயரே சொல்கிறது. தக்காளிக்கும் அதே கண்டம். ரவையின் கோதுமை, யூப்ரடீஸ் டைக்ரிஸ் சூழ்ந்த மேற்காசிய நிலத்திலே ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதன் பயிராக்கியது. அதுவரை வெறும் பெயராக இருந்த யூப்ரடீசு, அந்தப் பிள்ளைகளின் நாவிலே அன்று சுவையாக நின்றது. புளியின் கதை இன்னும் வேடிக்கை. அதன் பூர்விகம் ஆப்பிரிக்கா. அரபு வணிகர் அதை 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை, என்று அழைக்க, அப்பெயரே உருமாறி ஐரோப்பா சென்றது. ஆப்பிரிக்க மரத்துக்கு அரபு மொழியில் இந்தியப் பட்டம்! துவரை மட்டும் இந்த மண்ணிலேயே பயிரானது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த சிறுமி இருந்த இடத்திலேயே நின்றாள், "நான் எங்கயும் போவலியா டீச்சர்?" என்று அவளுக்கு ஒரே ஏமாற்றம்.

"எல்லாம் வெளியிலிருந்து வந்ததென்றால் நம் பாட்டன் தின்றது என்ன? கூழ்தானே நம் சொந்தச் சொத்து?" என்று உடன் வந்த நண்பர் நம் காதிலே கிசுகிசுத்தார். அவருக்கும் அன்று பாடம் நடந்தது. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தது. சோளம் சூடான் பக்கத்தது. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட வெளியிலே பிறந்தது. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இவை வரத் தொடங்கின. கறுப்பு மனிதன் பயிராக்கிக் கொடுத்த தானியத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டே, கருநிறத்தை இழிவென்று பேசும் நாக்கை என்னென்பது? சாமையும் வரகும் இந்நாட்டுப் பயிர்கள். கல்வராயன் மலைமக்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள்.

அதே மலையிலும் அடிவாரத்திலும் இன்று எங்கு திரும்பினாலும் மரவள்ளி. பிரேசில் நாட்டுப் பயிர் அது. கிழங்கின் நஞ்சைத் துருவிப் பிழிந்து போக்கும் வித்தையை அமேசான் காட்டு மக்கள் கண்டுபிடித்தார்கள். 'காட்டுமிராண்டிகள்' என்று ஏடுகள் ஏசின அவர்களைத்தான்! திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அக்கிழங்கைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது கடல்வழி அடைபட்டு, மலேயா வட்டாரத்துப் பனைச்சோற்றிலிருந்து செய்த ஜவ்வரிசி வராமற்போகவே, சேலத்திலே மரவள்ளி மாவைக் கொண்டு ஜவ்வரிசி உருட்டும் தொழில் தழைத்தது. கல்வராயன் மலைக்கிழங்கு அந்த ஆலைகளுக்குப் போகிறது.

இங்கே ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. வைதிகர் வீட்டுத் திதிச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு ஆகா. தம்மை அறியாமலே அவர்கள் நல்ல சரித்திர ஆசிரியர்கள். யார் பிந்தி வந்தவர் என்பதை அடுப்படியிலே குறித்து வைத்திருக்கிறார்கள்! ஆனால் மராட்டிய நாட்டிலே விரத நாளில் 'தூய' உணவென்று உண்பது எது தெரியுமா? ஜவ்வரிசிக் கிச்சடி. அதிலே உருளைக்கிழங்கு, நிலக்கடலை, பச்சைமிளகாய். மரவள்ளியையும் சேர்த்து நான்கும் அமெரிக்கக் கண்டத்தவை. தூய்மை எந்தக் கப்பலில் ஏறி வந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்!

பிறகு எகிப்துக்குப் போனது வகுப்பு. அங்கே கூலி, காசாக அல்ல, தானியமாகவே கொடுக்கப்பட்டது. மூன்றாம் ராம்செஸ் காலத்தில், கி.மு. 1157 வாக்கில், அரச கல்லறைகளைக் குடைந்த தேர் எல் மதீனா ஊர்த் தொழிலாளருக்குத் தானியம் வந்து சேரவில்லை. கருவிகளைக் கீழே போட்டார்கள், கோயில்களின் பின்புறம் போய் உட்கார்ந்தார்கள், பசிக்கிறது என்றார்கள். உலகச் சரித்திரம் எழுத்திலே பதிவு செய்த முதல் வேலைநிறுத்தம் இதுதான். அந்தப் பாப்பிரசு ஏடு இன்று இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் நம் பொருநைக் கரையிலே என்ன நடந்தது? தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வுக்கூடம் கணித்ததை 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. இறந்தவனுக்கு நெல் வைத்தனுப்பினர் இங்கே. இருந்தவனுக்குத் தானியம் கேட்டுக் குந்தினர் அங்கே.

பிரமிடின் உயரத்தைப் பிள்ளைகள் கேட்கவில்லை. பின்வரிசைச் சிறுவன் ஒருவன் கேட்டான்: "அப்புறம் கூலி குடுத்தாங்களா டீச்சர்?" கொடுத்தார்கள், ஆனால் மறுபடியும் தாமதித்தார்கள், அவர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள் என்றார் ஆசிரியை. 1976 வரை ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்த மக்கள் வாழ்ந்த மலையின் அடிவாரத்திலே எழுந்த கேள்வி அது.

வகுப்பு முடிந்தது. நம் மனமோ அந்தத் தட்டை விட்டு அகலவில்லை. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிட்டது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி போட்ட கொடுமையால் தமிழ்நாடே கொதித்தது. 1956-இல் காமராசர் எட்டயபுரத்திலே மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே எட்டயபுரத்துக்கு அருகே உசிலம்பட்டியில், 2023 செப்டம்பரில், சமைத்தவர் பட்டியல் இனத்துப் பெண் என்பதற்காகப் பிள்ளைகள் காலை உணவை உண்ண மறுத்தனர் என்ற செய்தி வந்தது. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய் உடனமர்ந்து உண்ட பிறகே பிள்ளைகள் கைநனைத்தனர்.

மெக்சிகோ உழவன் தொட்டான். ஆப்பிரிக்கப் பெண் தொட்டாள். அரபு வணிகன் அள்ளினான். போர்ச்சுக்கீசிய மாலுமி சுமந்தான். எவன் சாதி என்ன என்று எவரும் கேட்டதில்லை. இறுதியாகக் கரண்டி பிடித்த, அடுத்த தெருவில் வாழும் ஒரு பெண்ணின் கையைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்! ஆறு வயதுக் குழந்தை அதைத் தானாகக் கற்றதா? வீட்டுத் திண்ணையிலே அதற்குக் கற்பித்தவர் யார்?

இதை ஆசிரியையிடம் கேட்டோம். சிரித்தார். அடுத்த பெற்றோர் கூட்டத்தைப் பள்ளி முற்றத்திலேயே வைக்கப்போகிறாராம். முற்றம் நிறைய உலகப் படம். ஆளுக்கொரு பொருளைக் கையிலே கொடுத்துத் தாய்மாரையும் தந்தைமாரையும் நாடு நாடாக நிறுத்தப்போகிறார். பள்ளியிலே சமைக்கும் மகளிர் குழுப் பெண்தான் யார் எங்கே நிற்பது என்று சொல்லப் போகிறவர். மிளகும் புளியும் சிவகளை நெல்லுமியின் படமும் நம் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம்.