அச்சத்தின் சுமையும் அறிவின் சுமையும்

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பைப் புவியியலார் வெப்பமண்டலம் என்கின்றனர். அங்குள்ள ஒரு நாட்டுக்குப் புறப்படுபவர் எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பது முந்தைய நாள் இரவில் தீர்த்துக்கொள்ளக்கூடிய சிறு வேலையாகத் தோன்றினாலும், அவர் கட்டும் பை அந்நிலத்தைப் பற்றி அவர் அறிந்தது எவ்வளவு, அஞ்சுவது எவ்வளவு என்பதைக் காட்டிவிடுகிறது. அறியாமை மிகுந்த காலத்தில் பயணிகளின் பெட்டிகள் பெருத்திருந்தன; நோய்களின் காரணங்கள் தெளிவாகத் தெளிவாக அவை சிறுத்தன. ஆண்டுதோறும் பெருந்திரளான பயணிகள் செல்லும் கென்யாவையும் தான்சானியாவையும் சான்றாக வைத்துப் பார்க்கும்போது இவ்வுண்மை நன்கு விளங்கும்.

தமிழகத்திலிருந்து அந்நாடுகளுக்குச் செல்பவர், வெயில் தமக்குப் புதிதன்று என்று எண்ணுவது இயல்பு. தமிழகமும் வெப்பமண்டலத்திலேயே இருப்பதால் அவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், அது இரு வகையில் வழிதவறச் செய்கிறது. முதலாவதாக, நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு முழுவதும் வெப்பமாகவே இருக்கும் என்பது சரியன்று. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறைவதால், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்த நைரோபியில் ஜூலை மாத இரவுகளுக்குக் கம்பளிச் சட்டை வேண்டியிருக்கிறது. கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு அதைவிடக் குளிரானது. 5,895 மீட்டர் உயர்ந்த கிளிமஞ்சாரோவின் உச்சியில் பனிப்பாறையே இருக்கிறது. அதே பயணத்தில் மொம்பாசாவுக்கோ சான்சிபார் தீவுக்கோ இறங்குபவரைக் கடற்கரைப் புழுக்கம் எதிர்கொள்ளும். இரண்டாவதாக, வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்தவரை மலேரியா தீண்டாது என்பதும் பிழையான நம்பிக்கை. அந்நோய்க்கான எதிர்ப்புத்திறன் மீண்டும் மீண்டும் தொற்றுக்கு உள்ளாவதால் மட்டுமே ஓரளவு உருவாகி, அச்சூழலை விட்டு விலகியதும் தேய்ந்துவிடுகிறது. வெளிநாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு உறவினரைக் காணத் திரும்பும் ஆப்பிரிக்கர்களே இதனால் நோயுறுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்குச் சென்ற ஐரோப்பியர் தம் பெட்டிகளில் அடுக்கியவை இன்றைய வாசகருக்கு வியப்பைத் தரும். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலை உண்டாக்குகிறது என்றும், வெயில் முதுகெலும்பின் வழியே மூளையைத் தாக்குகிறது என்றும் அக்கால மருத்துவம் நம்பியது. ஆகவே நெட்டியால் செய்த தொப்பியும், சட்டையின் முதுகுப்புறம் தைத்துக்கொள்ளும் தடித்த துணிப்பட்டையும், வயிறு குளிர்ந்தால் காலரா வரும் என்னும் அச்சத்தால் இடையில் சுற்றிக்கொள்ளும் கம்பளிக் கச்சையும் இன்றியமையாதவை எனக் கருதப்பட்டன. இவற்றை அணிந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். தம் காலத்தின் மிகச் சிறந்த அறிவுரையைப் பின்பற்றியவர்களே. நோயின் காரணம் தெரியாதபோது எல்லாமே காரணமாகத் தோன்றுவதால், எல்லாவற்றுக்கும் எதிராக ஏதேனும் ஒன்றைச் சுமக்க வேண்டியிருந்தது.

அப்பெட்டிகளில் உண்மையாகவே உயிர் காத்த பொருள் ஒன்றும் இருந்தது. சிஞ்சோனா மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் குயினைன் என்னும் கசப்பு மருந்தே அது. 1841-இல் நைஜர் ஆற்றில் சென்ற பிரிட்டிஷ் பயணக் குழுவில் பெரும்பாலோர் காய்ச்சலில் விழுந்து பலர் மாண்டனர். 1854-இல் அதே ஆற்றில் ‘பிளேயட்’ என்னும் கப்பலை வழிநடத்திய வில்லியம் பெய்கி, நோய் வந்த பின் மருந்து தருவதை விடுத்து, நோய் வருமுன்னரே அனைவருக்கும் நாள்தோறும் குயினைன் கொடுக்கச் செய்தார். அக்குழுவில் ஒருவர்கூட இறக்கவில்லை. குயினைனையும் பேதி மருந்துகளையும் சேர்த்து மாத்திரை உருட்டிய தேடல் பயணி டேவிட் லிவிங்ஸ்டன், 1867 ஜனவரியில் இரு சுமைக்காரர்கள் மருந்துப் பெட்டியுடன் ஓடிப்போனபோது, அதைத் தமக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையாகவே உணர்ந்ததாகக் குறித்துவைத்தார். அதன்பின் ஆறாண்டுகள் நோயோடு போராடி, 1873-இல் இன்றைய சாம்பியா நாட்டிலுள்ள ஒரு சிற்றூரில் உயிர்நீத்தார். உயிர் காக்கும் மருந்தைத் தன் கையை விட்டு அகலாத பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் பாடம், பெட்டி ஒரு விமானத்திலும் பயணி ஒரு விமானத்திலும் போய்ச் சேர நேரும் இக்காலத்துக்கும் பொருந்துகிறது. மருந்துகளை அவற்றின் மூல அட்டையோடும் மருத்துவர் எழுதிய சீட்டோடும் கைப்பையில் வைப்பதே முறை.

1897-இல் செகந்தராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ், கொசுவின் இரைப்பையில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்ததும் கெட்ட காற்றைப் பற்றிய அச்சம் அடிப்படையிழந்தது. பகை எதுவென்று தெரிந்துவிட்டதால், அதற்கு எதிராக எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியலும் குறுகியது. ஆயினும் மலேரியா இன்றும் எளிய நோயன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் அந்நோயால் இறந்தோர் சுமார் 5,97,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர், அவர்களிலும் பெரும்பகுதியினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பயணி தம் பையில் வைத்திருக்கும் தடுப்பு மாத்திரை, அவர் காணச் செல்லும் ஊரில் பல குழந்தைகளுக்குக் கிட்டாத வசதி என்பதை நினைவில் கொள்வது நலம்.

அம்மாத்திரைகள் பல வகைப்படும். டாக்சிசைக்ளின் என்பதைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கித் திரும்பிய பின்னும் நான்கு வாரங்கள் விழுங்க வேண்டும். அட்டோவாகுவோனும் புரோகுவானிலும் சேர்ந்த மாத்திரையைத் திரும்பிய பின் ஏழு நாட்கள் தொடர்ந்தால் போதும். மெப்லோகுவின் சிலருக்கு மனக்கலக்கத்தை உண்டாக்கக்கூடியது. கருவுற்றோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் இவற்றுள் சில ஆகா என்பதால், தேர்வை மருத்துவரிடம் விடுவதே பொருத்தம். ஒரு பொருள் மற்றொரு பொருளை வேண்டி நிற்பதையும் இங்கே காணலாம்: டாக்சிசைக்ளின் தோலை வெயிலுக்கு எளிதில் புண்படச் செய்வதால், அதை உட்கொள்பவருக்கு வெயில் தடுப்புப் பூச்சு கூடுதலாகத் தேவைப்படுகிறது. டீட் என்னும் வேதிப்பொருள் சேர்ந்த கொசுவிரட்டியை அப்பூச்சுக்குப் பின்னரே தடவ வேண்டும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு இரவில் கடிப்பதால், மாலையில் முழுக்கைச் சட்டையும் நீண்ட கால்சட்டையும் அணிவது மருந்துக்கு நிகரான காப்பு. கொசுவலையைப் பெரும்பாலான விடுதிகளே தருகின்றன. பூச்சிக்கொல்லி ஊட்டிய வலைகள் தான்சானியாவின் அருஷா நகரத்து ஆலையிலேயே நெய்யப்படுகின்றன. ஆகவே வலையைச் சுமப்பதைவிட, கிடைக்கும் வலையின் கிழிசலைத் தைக்க ஓர் ஊசியும் நூலும் கொண்டுசெல்வது புத்திசாலித்தனம்.

உடையின் நிறத்தையும் ஒரு பூச்சி தீர்மானிக்கிறது. உறக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயை நீலமும் கறுப்பும் ஈர்ப்பதால், வனக்காவலர்கள் அந்நிறத் துணிகளையே பொறியாகத் தொங்கவிடுகின்றனர். சுற்றுலாப் பயணிக்கு அந்நோய் வருவது மிக அரிது என்றாலும், மெல்லிய துணியையும் ஊடுருவிக் குத்தும் அந்த ஈயின் கடி வலி மிகுந்தது. ஆகவே காட்டுக்குள் செல்பவர் காக்கி, வெளிர்பச்சை போன்ற மங்கலான நிறங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இராணுவத்தார் அணியும் புள்ளியிட்ட பச்சைத் துணியைக் குடிமக்கள் உடுத்துவதை அப்பகுதி அரசுகள் ஏற்பதில்லை என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சான்சிபாரின் பழைய நகரத்தில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவது அவ்வூராருக்குச் செய்யும் மரியாதை. இவை எல்லாவற்றுக்கும் துணையாக வரக்கூடியது நீண்ட பருத்தித் துணி ஒன்று. தமிழகத்து உழவரின் தோளில் கிடக்கும் துண்டைப் போலவே, அங்குள்ள பெண்கள் உடுத்தும் காங்கா என்னும் வண்ணத்துணியும் தலைக்கு முக்காடாகவும் குழந்தையைக் கட்டிக்கொள்ளும் தூளியாகவும் பயன்படுகிறது. அதை அங்கேயே வாங்கிக்கொள்பவருக்குப் பையில் இடமும் மிஞ்சும். அவ்வூர் வணிகருக்கு வருவாயும் கிட்டும்.

வயிற்றுக்குரிய காப்பு இன்னும் எளியது. 1971-இல் வங்கதேசப் போரின்போது வங்காளத்தின் பன்கான் ஊரில் இருந்த அகதி முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளுக்கு வாய்வழியே கொடுக்கச் செய்தார். அதனால் அங்கே முன்பு 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று ஓ.ஆர்.எஸ். என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிறு பொட்டலத்தின் ஆற்றல் அந்த முகாமில்தான் உலகுக்கு மெய்ப்பிக்கப்பட்டது. முன்னோர் இடுப்பில் சுற்றிய கம்பளிக் கச்சையால் ஆகாததை, சட்டைப்பையில் அடங்கும் இப்பொட்டலம் செய்கிறது. அச்சம் சுமத்திய பொருளுக்கும் அறிவு தந்த பொருளுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதனோடு, கொதித்த நீரையோ முத்திரை உடையாத புட்டிநீரையோ அன்றி வேறு நீரைப் பருகாதிருப்பவருக்கு வயிற்றுக்கென வேறு மருந்துகள் பெரிதாக வேண்டியிருப்பதில்லை.

வெயிலைப் பொறுத்தவரை, குளிர்ந்த மேட்டுநிலமே மிகுதியாக ஏமாற்றுகிறது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக்கதிரின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுவதால், நைரோபியில் காற்று இதமாக இருக்கும்போதே தோல் கருகிவிடும். அகன்ற விளிம்புள்ள மெல்லிய துணித்தொப்பியும், எஸ்.பி.எப். 30 என்னும் அளவு குறித்த பூச்சும் இதற்குப் போதும்.

காகிதங்களில் தலையாயது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். அறிவியலாளர் மாக்ஸ் தெய்லர் 1937-இல் உருவாக்கியதும், 1951-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததுமான இத்தடுப்பூசியைச் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுமைக்கும் போதுமானது. கென்யா போன்ற நாடுகளிலிருந்து இது இல்லாமல் இந்தியா திரும்புபவரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. இவ்விதியைத் தொல்லையாகக் கருதுவோர் அதன் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்திய நகரங்கள் எங்கும் இருக்கிறது. நோய்க்கிருமி மட்டுமே இதுவரை இங்கே வேரூன்றவில்லை. ஆகவே அச்சான்றிதழ் அதை வைத்திருப்பவரைவிட, அவர் திரும்பி வரும் ஊரையே மிகுதியாகக் காக்கிறது.

விட்டுச் செல்ல வேண்டியவற்றில் முதன்மையானது நெகிழிப் பை. கென்யா 2017 ஆகஸ்டிலும் தான்சானியா 2019 ஜூனிலும் அவற்றைத் தடை செய்துவிட்டன. மீறுவோர்க்கு அபராதமும் சிறையும் உண்டு. துணிகளை நெகிழி உறையில் சுற்றி அடுக்கும் பழக்கமுடையோர் அதற்கு ஈடாகத் துணிப்பைகளைப் பயன்படுத்த வேண்டும்.

இறுதியாக எண்ண வேண்டியது எடை. வனவிலங்குப் பூங்காக்களுக்குச் செல்லும் சிறு விமானங்கள் பெரும்பாலும் 15 கிலோவுக்கு மேல் ஏற்பதில்லை. அதுவும் வளைந்து கொடுக்கும் மென்மையான பையில் இருக்க வேண்டும். இக்கட்டுப்பாட்டைக் குறையாக எண்ணுவதற்கு முன், சாலைகள் இல்லாத காலத்தில் பயணிகளின் பெட்டிகள் எவ்வாறு நகர்ந்தன என்பதை நினைத்துப் பார்க்கலாம். துணியும் மணியும் பித்தளைக் கம்பியும் நாணயமாகச் செல்லுபடியான அந்நாட்களில், கடற்கரையிலிருந்து ஏரிக்கரை வரை ஒவ்வொரு மூட்டையையும் ஆப்பிரிக்கச் சுமைக்காரர்களே தலையிலும் தோளிலும் தூக்கிச் சென்றனர். வழியில் இறந்தவர்களில் பலருடைய பெயர்கூடப் பதிவாகவில்லை. அவர்களுக்குரிய நன்றி, தேடல் பயணிகளின் புகழில் மறைந்துபோயிற்று. இன்றும் கிளிமஞ்சாரோவில் பயணியின் பை இன்னொருவர் தோளில்தான் ஏறுகிறது. ஒரு சுமைக்காரர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது என்று பூங்கா நிர்வாகம் வரையறுத்திருக்கிறது. பயணி தேவையின்றிச் சேர்க்கும் ஒவ்வொரு பொருளின் விலையையும் பெரும்பாலும் அவர் கொடுப்பதில்லை. மற்றொருவரின் உடல் கொடுக்கிறது.

ஆகவே வெப்பமண்டல நாட்டுக்குப் புறப்படுபவர், எதிர்பாராத நிலைமைக்கு உதவும் என்று மட்டும் எடுத்துவைத்த பொருள்களைப் பையிலிருந்து எடுத்துவிடலாம்; ஆனால் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கொசுவிரட்டி, முழுக்கைச் சட்டை, தொப்பி, ஒரு கம்பளிச் சட்டை, சான்றிதழ் ஆகியவற்றை எக்காரணத்தாலும் விடலாகாது. ஊர் திரும்பிய பின்னும், மருத்துவர் சொன்ன நாள் வரை மாத்திரையை நிறுத்தாமல் விழுங்குக. மலேரியா பல வாரங்கள் கழித்தும் தலைகாட்டக்கூடியது என்பதால், பின்னர் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரை அணுகி, எந்த நாட்டிலிருந்து எப்போது திரும்பினீர் என்பதை முதலில் சொல்லுக.