அஸ்திர ஒளியும் மெய்யொளியும்

1987-ஆம் ஆண்டு ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' தூர்தர்ஷனில் முதன்முதல் வந்தபோது நாங்கள் பிறக்கவே இல்லை. 2020-இல் ஊரடங்கின்போது அதனை மறுபடி ஒளிபரப்பினார்கள். மொழி புரியாவிட்டாலும், இரு அம்புகள் ஒளிவீசிப் பறந்து வந்து வானில் மோதுவதைக் கண்டு வியந்தோம். இவ்வாண்டு ஒளிப்பாடம் நடந்தபோது, "அது உண்மையான ஒளிதானா?" என்ற வினா எழுந்தது. வகுப்பு இரண்டு அணியாயிற்று. அறிவியல் சிஸ்டர் நடுவராக அமர்ந்தார்கள்.

"அல்ல" என்ற அணி மூன்று காரணங்கள் கூறியது. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. செல்வது. திருநாவலூரில் எய்தால் இமைப்பதற்குள் கல்வராயன் மலையைத் தொட்டுவிடும். அது வருவதை யார் காண முடியும்? அடுத்து, தூசியோ புகையோ இல்லாவிடில் ஒளிக்கற்றை பக்கத்திலிருந்து தெரியாது. மூன்றாவதாக, ஒளியும் ஒளியும் மோதி நிற்பதில்லை. இதனைச் சோதிக்க ஜன்னல்களை அடைத்து, சாக்பீஸ் தூளைத் தட்டி, இரண்டு டார்ச் விளக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்தோம். இரண்டு கற்றைகளும் ஒன்றையொன்று கடந்து எதிர்ச்சுவர்களில் விழுந்தன!

"அப்படியானால் எல்லாம் பொய்தான்" என்று ஒருத்தி சிரித்தாள். கூத்துக்கலைஞர் ஒருவரின் பேத்தியாகிய எங்கள் தோழி எழுந்தாள். "தெருக்கூத்தில் தீப்பந்தத்தின் மீது குங்கிலியப் பொடி தூவினால் குப்பென்று சுவாலை எழுகிறதே, அது பொய்யா? என் தாத்தாவின் கையிலுள்ள தீத்தழும்பும் பொய்யா?" என்றாள். அவள் குரல் தழுதழுத்தது. சிரிப்பு அடங்கிற்று.

சிஸ்டர் தீர்ப்பளித்தார்கள்: "பந்தத்தின் ஒளி மெய். தொலைக்காட்சித் திரையிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளியும் மெய். அஸ்திரம் மட்டுமே கற்பனை. கற்பனை வேறு, பொய் வேறு." தோழியின் முகம் மலர்ந்தது.

இன்றோ ஒளியே ஆயுதமாகிவிட்டது. 2025 ஏப்ரல் 13-ஆம் நாள் கர்னூலில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 30 கிலோவாட் லேசரால் ஆளில்லா விமானத்தை வீழ்த்திக் காட்டியது. திருவிழாக் கடையில் விற்கும் சிறு லேசர் விளக்கும் விளையாட்டன்று. கார்ட்டூன் வீரனைப்போல் அதைத் தம்பியின் கண்ணில் அடித்தால் விழித்திரை புண்ணாகும், பார்வையே கெடலாம்.

அன்புத் தங்கைகளே! கதையின் ஒளியைக் கண்டு மகிழுங்கள். கையிலுள்ள ஒளியை அறிந்து ஆளுங்கள். கலைஞனின் உழைப்பை மட்டும் ஒருநாளும் பொய்யென்று நகையாதீர்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்