உறைமேல் இரண்டு பெயர்

ஆழ்வார்குறிச்சியில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் முதல் பத்திரிகை சிவசைலத்துக்குத்தான் போகும். கடனா நதிக் கரையில் மேற்குப் பார்த்து இருக்கிற சிவசைலநாதருக்கும் பரமகல்யாணி அம்பாளுக்கும். உறையின் மேல் இரண்டு பெயரும் இருக்கும். சுவாமி பெயரை மட்டும் எழுதி, கீழே ‘குடும்பத்தார்’ என்று போட்ட உறையை நான் பார்த்ததே இல்லை. பங்குனியில் ஊருக்குள் வந்து தேரேறுகிறவள் அம்பாள். அவள் பெயரை விட்டுவிட்டு நம் வீட்டுக் கல்யாணமா என்பாள் ஆச்சி.

அடுத்த உறையிலிருந்து முறை மாறிவிடும்.

பெரியப்பாவின் கையெழுத்து அழகானது. சொக்காரர் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் விலாசம் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். பட்டாசலில் பாய் விரித்து, உறைக்கட்டைப் பிரித்து, பழைய மொய் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். மொய் நோட்டுதான் விலாசப் புத்தகம். எந்த ஊர், யார் மகன், நமக்கு எவ்வளவு எழுதினார்கள், நாம் திருப்பிச் செய்தாயிற்றா, எல்லாம் அதில் இருக்கும். ஆச்சி ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லப் பெரியப்பா எழுதுவார். பிள்ளைகள் நாங்கள் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவுவோம். மை காயும்முன் மஞ்சள் பட்டால் எழுத்து ஊறிவிடும், அதனால் எழுதிய உறைகளை வரிசையாகத் தரையில் பரப்பிக் காயவைப்போம். உறையை ஒட்டக் கூடாது. வாயை உள்ளே செருகி, மூலையில் ‘புக் போஸ்ட்’ என்று எழுதிவிட்டால் குறைந்த தபால்தலையே அப்போது போதுமாக இருந்தது.

எழுதுகிற முறை மனப்பாடம் மாதிரி இருந்தது. முதலில் ‘ஸ்ரீமான்’ அல்லது ‘உயர்திரு’. பிறகு இனிஷியல், பெயர். பெயரின் வாலில் பிள்ளை, ஐயர், தேவர், நாடார், கோனார் என்று அவரவர் பட்டம். படித்தவர் என்றால் அதற்குப் பின்னால் பி.ஏ., பி.எல். அதற்கும் பின்னால் ‘அவர்கள்’. கீழே ‘குடும்பத்தார்’. ஒரு மனிதருக்கு முன்னும் பின்னும் இத்தனை மரியாதை சேர்ந்த உறையில் அவர் மனைவிக்கு ஓர் எழுத்துக்கூட இடம் இருக்காது.

அக்கா ஒருநாள் கேட்டேவிட்டாள். “பெரியப்பா, டீச்சர் மதினி பேரையும் எழுதுங்களேன். எங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தது அவங்கதான?”

“குடும்பத்தார்னு போட்டாச்சுல்லா, அதுக்குள்ள எல்லாரும் அடக்கம்தான்” என்றார். அவர் யாரையும் குறைத்து நினைக்கிறவர் இல்லை. அவருக்கு எழுதிக்காட்டியவர்கள் அப்படித்தான் எழுதிக்காட்டியிருந்தார்கள்.

நேரில் பத்திரிகை வைக்கப் போகும்போது முறையே வேறு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம். வைக்கப் போகிறவர்களும் கணவன் மனைவியாகத்தான் போக வேண்டும். வாங்குகிறவர்களையும் சேர்ந்து நிற்கச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். குங்குமத்தை வீட்டுக்காரம்மாவிடம் நீட்டி, “மதினி, ரெண்டு நாளுக்கு முன்னாடியே வந்திரணும், நீங்க இல்லாம ஒண்ணும் நடக்காது” என்று சொல்லாவிட்டால் அது தீராத மனத்தாங்கல். அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று பத்து வருஷம் கழித்தும் பேச்சு வரும். வாயால் இருவரையும் அழைக்கத் தெரிந்த ஊர், கையால் எழுதும்போது மட்டும் ஒருவரோடு நிறுத்திக்கொண்டது.

வாலில் எழுதும் சாதிப் பட்டத்தைப் பற்றி யோசித்தால் நினைவு செங்கல்பட்டுக்குப் போகிறது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அங்கே முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. தலைமை பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்தும் அலுவலகப் பெயர்ப்பலகையிலிருந்தும் பட்டம் மெல்ல மெல்ல விலகியது. எங்கள் பக்கத்தில் அது கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்த இடம் கல்யாணப் பத்திரிகைதான். “பட்டம் போடாம எழுதினா பெரியவர் சங்கடப்படுவாரு” என்பார்கள். அந்தப் பெரியவரிடம் யாராவது கேட்டார்களா என்றால் இல்லை. தெற்கே இன்றும் உள்ளே அச்சிடும் தாத்தா, பூட்டனார் பெயர்களில் அந்த வாலைப் பார்க்கலாம். பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பக்கத்து ஊர் கடையம். செல்லம்மாளின் ஊர். 1897-இல் அவரைக் கல்யாணம் செய்த எட்டயபுரத்துச் சுப்பிரமணியன், சிறையிலிருந்து வெளிவந்த பிறகு 1918 முதல் 1920 வரை கடையத்தில்தான் இருந்தார். எட்டயபுரத்தில் சின்ன வயதிலேயே கிடைத்த ‘பாரதி’ என்ற பட்டம்தான் அவர் பெயரோடு நின்றது. சாதியின் வால் நிற்கவில்லை. செல்லம்மாளையும் ‘செல்லம்மாள் பாரதி’ என்றே சொல்கிறோம். ஒருவர் வாங்கிய பட்டத்தில் இன்னொருவருக்கும் பங்கு இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் நினைவுக்கு வருகிறார். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த வீட்டுக்கு ஓர் உறை எழுதுவதானால், ‘டாக்டர்’ என்பதை ஒருவருக்கு மட்டும் போட எந்தக் கைக்கு மனசு வரும்?

மாவட்டத்தின் பெயர்கூட இந்த உறைகளில் மாறிக்கொண்டே வந்தது. ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று எழுதிய பெரியப்பாவின் கை, தூத்துக்குடி 1986-இல் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்று எழுதப் பழகியது. 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயர் எடுக்கப்பட்டதும் மறுபடி திருநெல்வேலி. 2019 நவம்பரிலிருந்து ஆழ்வார்குறிச்சி தென்காசி மாவட்டம். 1972-இல் பின்கோடு வந்தபோது அதையும் பழகிக்கொண்டோம். விலாசத்தின் கடைசி வரியில் இத்தனை மாற்றத்துக்கு இடம் கொடுத்த நாம், முதல் வரியில் ஒரு பெண்ணின் பெயரைச் சேர்க்க மட்டும் ஏன் இவ்வளவு யோசித்தோம்?

இதைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் தெருச் சித்தி ஒருத்தி ஞாபகம் வரும். சித்தப்பா இருந்தவரை அவர் பெயருக்குப் பத்திரிகை வந்தது. அவர் போன பிறகு, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பெயருக்கு வரத் தொடங்கியது. நடுவில் அவள் பெயருக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆனால் கல்யாண வீடுகளுக்கு மொய் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான். மொய் எழுதுகிறவர் தலை நிமிராமல், “வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க” என்பார். அவள் சித்தப்பா பெயரைச் சொல்வாள். நோட்டில் அதுதான் ஏறும். அடுத்த கல்யாணத்துக்கு விலாசம் எழுத அந்த நோட்டைத்தானே பிரிப்பார்கள்! அவள் கொடுத்த மொய்யோ, தைத்துச் சம்பாதித்த பணம். முன்கட்டில் இருந்த தையல் மிஷினுக்கு மேலே, சுவரில் ஆணியடித்து, மகன் பெயர் எழுதிய பத்திரிகைகளைக் கம்பியில் குத்தி வைத்திருப்பாள். எந்தக் கல்யாணத்தையும் அவள் தவறவிட்டதில்லை. பந்தியில் பின்னால்தான் உட்காருவாள்.

இப்போது பத்திரிகை பாதி வாட்ஸ்அப்பில் வருகிறது. அதில் விலாசமே இல்லை, உங்களுக்குத்தானா என்பதும் தெரியாது. கையில் வருகிற உறைகளில் ‘திரு & திருமதி’ என்று போட்டு, பின்னால் கணவர் பெயரை மட்டும் எழுதுகிறார்கள். இதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவின் பெயர் இன்னும் உறைக்கு வெளியேதான் நிற்கிறது.

என் வீட்டு விசேஷத்துக்கு நான் எழுதுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். இருவர் பெயரும் முழுசாக, அவரவர் இனிஷியலோடு. அந்த வீட்டு அம்மா எந்த இனிஷியல் வைத்துக்கொண்டிருக்கிறாரோ அதுவே. கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுவேன். சாதிப் பட்டம் யாருக்கும் இல்லை. படிப்புப் பட்டம் போட்டால் இருவருக்கும் போடுவேன், ஒருவர்தான் படித்தவர் என்றால் இருவருக்கும் விட்டுவிடுவேன். புலவர், டாக்டர் என்று ஊரே கூப்பிடுகிற பெயர் இருந்தால், அது யாருடையதோ அவர் பெயருக்கு முன்னால். கடைசியில் இருவருக்கும் சேர்த்து ‘அவர்கள்’. கணவரை இழந்தவர் என்றால் அவர் பெயரே முதல் வரியில், பிள்ளைகள் பெயர் அடுத்த வரியில். மொய் எழுதுகிறவரிடமும், கொடுக்கிறவர் பெயரைக் கேட்டு எழுதச் சொல்லிவிடுவேன். கூடுதலாகப் பிடிப்பது அரை மணி நேரமும் இரண்டொரு போன் பேச்சும்தான்.

உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு உறை எழுத உட்காரும்போது, மொய் நோட்டைப் பிரிக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: வீட்டுக்காரர் பெயரோடு வீட்டுக்காரம்மா பெயரையும் கேட்டு எழுதட்டும்.