அம்மாவின் பெட்டியில் ஒரு முட்டை

எங்கள் வீட்டில் மூன்று சாப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. நீல மூடி போட்டது தம்பிக்கு. சில்வர் பெட்டி எனக்கு. மூன்றாவது, எப்போதோ ஒரு பிறந்தநாளுக்கு வாங்கிய ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் வந்த பெட்டி. அதுதான் அம்மாவுடையது. மூடியில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது, ஒரு மூலையில் வெடிப்பு வேற.

போன வருடம் அம்மா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகத் தொடங்கினா. அப்பா மேசன். வவுனியாப் பக்கம் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். முரசுமோட்டையில் எங்கள் சந்திக்கு அம்மாவின் பஸ் காலை 5.50க்கு வரும். அதற்கு முன் மூன்று பெட்டியும் கட்டி முடிய வேண்டும் என்றால் அவ மூன்றேகாலுக்கு எழும்ப வேண்டும். இரண்டு மாதம் அப்படித்தான் போனது. ஒருநாள் விடிய நான் குசினிக்குள் போனபோது அம்மா திருவலையில் இருந்தபடியே நித்திரை. கையில் பாதி துருவிய தேங்காய். அண்டைக்குத்தான் சொன்னேன், இனி நான் கட்டுறன் எண்டு.

"நீ படிக்கிற பிள்ளை" எண்டா.

"படிக்கிற பிள்ளைக்கும் பசிக்குமெல்லோ" எண்டன். பெரிய வசனம் பேசிவிட்டேன். ஆனால் எனக்கு அப்போது சோறு வடிக்கவும் பருப்புக் காய்ச்சவும் மட்டும்தான் தெரியும்.

எங்கள் வயதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். யூடியூப் பார்த்தேன். 'முப்பது நாள், முப்பது லஞ்ச் பாக்ஸ்'. ஒவ்வொரு வீடியோவும் பிரிட்ஜைத் திறப்பதில் தொடங்கும். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. பிறகு பனீர் வரும், காளான் வரும், பச்சைப் பூ மாதிரி ஒரு மரக்கறி வரும். பரந்தன் கடைகளில் வெண்டி, கத்தரி, பயிற்றங்காய், பூசணி, வாழைக்காய் கிடைக்கும், முருங்கை வேலியிலேயே நிற்கும். 'பத்தே நிமிடத்தில்' என்று வேறு சொல்லுவார்கள். மார்கழி மழையில் நனைந்த விறகு பற்றுவதற்கே பத்து நிமிடம் போய்விடும். மூன்று வீடியோவோடு அதை விட்டுவிட்டேன்.

எந்த வீடியோவும் சொல்லாத ஒரு விசயம் இருக்கிறது. பெட்டியைத் திறக்கிற நேரம். தம்பி பத்தரைக்கு, பாடசாலை இடைவேளையில் திறப்பான். அம்மா பன்னிரண்டரைக்கு. நான் பரந்தனில் யாழ்ப்பாண பஸ் ஏறி, ஆனையிறவு, பளை, சாவகச்சேரி தாண்டி, திருநெல்வேலியில் கம்பஸுக்குப் போய், இரண்டு லெக்சர் முடிந்து ஒரு மணிக்குத்தான் திறப்பேன். அதிகாலை ஐந்து மணிக்கு ஒரே சட்டியிலிருந்து அள்ளிய கறி பத்தரைக்கு ஒரு மாதிரி, ஒரு மணிக்கு வேறு மாதிரி. அதுவும் எங்கட வெயிலில்.

இதையெல்லாம் நான் பிழைவிட்டுத்தான் படித்தேன். முதல் வாரமே தேங்காய்ப்பால் விட்ட பூசணிக்காய்க் கறி. பங்குனி மாதம். ஒரு மணிக்கு மூடியைத் திறந்தால் நுரைத்து, புளிச்ச மணம். பக்கத்தில் இருந்த தோழி ஒன்றும் சொல்லாமல் தன் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகு பால்கறி, சொதி எல்லாம் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும். பெட்டிக்குள் போவது பிரட்டல், வறை, பொரியல், புளிவிட்ட கறி. சோற்றைச் சுடச்சுட அடைத்து மூடினால் ஆவி வேர்த்து, தண்ணீர் சொட்டி, மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும். தட்டத்தில் பரப்பி ஆறவிட்டுத்தான் அடைக்க வேண்டும். அம்மியில் அரைத்த பச்சைத் தேங்காய்ச் சம்பல் தம்பியின் பத்தரைக்குச் சரி, என் ஒரு மணிக்குச் சரிவராது. எனக்குத் தேங்காய்ப்பூவையும் செத்தல் மிளகாயையும் வறுத்து இடித்த சம்பல். புட்டு நேரம் போகப் போகக் கல்லாகும். ஆனால் வெங்காயம், செத்தல், கறிவேப்பிலை தாளித்து, அதற்குள் புட்டைப் போட்டுப் பிரட்டினால் ஒரு மணிக்கும் மெத்தென்று இருக்கும்.

ஆக, விதம்விதமாகக் கட்டுவது என்றால் எங்கள் வீட்டில் முப்பது கறி இல்லை. அதே கத்தரிக்காயைத் திங்கள் பொரிப்பது, புதன் புளிவிட்டு வைப்பது. முருங்கையிலையை வறுப்பது. இரவே கௌபி ஊறப்போட்டு, விடிய அவித்து, கொஞ்சம் தேங்காய்ப்பூ தூவித் தம்பிக்குக் கொடுப்பது. வெள்ளிக்கிழமை சைவம், அதனால் அண்டைக்குத் தானாகவே ஒரு மாற்றம் வந்துவிடும். இரணைமடுத் தண்ணீர் பாயும் மாமாவின் வயலிலிருந்து வருகிற சிவப்பு அரிசி இருப்பதால் சோற்றுக்குக் கவலையில்லை. தேங்காய்தான் பிரச்சினை. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது புட்டும் சம்பலும் எங்கள் வீட்டில் ஆடம்பரச் சாப்பாடாகிவிட்டன. அந்த மாதங்களில் ஒரு தேங்காயை மூன்று நாளுக்கு வைத்துத் துருவியிருக்கிறேன்.

அம்மம்மா இதைக் கேட்டுச் சிரிப்பா. அவ வயல்வெட்டுக் காலத்தில் இருபது பேருக்குப் புட்டு அவித்து, ஓலைப்பெட்டியில் கொட்டி, தலையில் வைத்து வரம்பால் நடந்து கொண்டுபோனவ. ஓலைக்குள் புட்டு வேர்க்காது, ஆவி வெளியில் போய்விடும் என்று அவதான் சொல்லித் தந்தா. சோற்றுப் பார்சல் கட்டுவதும் அவவிடம் படித்ததுதான். வாழையிலையை நெருப்பில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. இலைக்குள் சோறும் கறியும் சேர்ந்து ஊறி வருகிற ருசி எந்தப் பெட்டியிலும் வராது. லஞ்ச் ஷீற்றை 2017 செப்டம்பர் 1 முதல் அரசாங்கம் தடை செய்தது. அதற்குப் பிறகும் பார்சல் வாங்கினால் பல நாளும் அதில்தான் சுற்றித் தருகிறார்கள். அம்மம்மாவுக்குத் தடையும் தெரியாது, ஷீற்றும் தெரியாது.

இனித்தான் முட்டை.

அம்மா கட்டின காலத்தில் அவவின் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் என்ன போகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் கட்டத் தொடங்கிய பிறகுதான், "எனக்குச் சோறும் சம்பலும் போதும் பிள்ளை, கறியை நீங்கள் ரெண்டு பேரும் கொண்டு போங்கோ" என்று சொல்லுகிறாவே, இதுதான் அவவின் வழக்கம் என்று விளங்கியது. நான் கேட்கவில்லை. மூன்று முட்டை அவித்து மூன்று பெட்டியிலும் வைத்தேன். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்கிற அளவுக்கு இங்கே தட்டுப்பாடு வந்ததிலிருந்து, எங்கள் வீட்டில் முட்டை என்றால் எண்ணித்தான் எடுப்பது.

அண்டைக்குப் பின்னேரம் அம்மா வந்தா. கை கால் கழுவினா. பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்து, முட்டையை ஒரு கோப்பையில் வைத்து, "தம்பி, இந்தா" எண்டா.

எனக்கு வந்த கோபம்! "உங்களுக்கெண்டு வச்சதை ஏன் திருப்பிக் கொண்டு வாறியள்?" என்று கத்தினேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. தம்பி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு முட்டையைத் தின்றான். அவனுக்கும் பசிதானே. அடுத்த நாள் பொரித்த மீன்துண்டு வைத்தேன். அதுவும் திரும்பி வந்தது. லஞ்ச் ஷீற்றைக் கழுவிக் காயவைத்து, அதில் கவனமாகச் சுற்றிக் கொண்டு வந்திருந்தா.

2009இல் எனக்கு ஐந்து வயது. செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். முதல் நாட்களில் சமைத்த சாப்பாடு தருவார்கள், வரிசையில் நின்று வாங்க வேண்டும். எனக்கு வரிசை ஞாபகம் இருக்கிறது, வெயில் ஞாபகம் இருக்கிறது. அம்மா தன் சோற்றில் பாதியை ஒரு மூடியால் மூடி, கூடாரத்தின் மூலையில் வைப்பா. அதுவும் ஞாபகம் இருக்கிறது. பின்னேரம் நான் அழும்போது அது வெளியில் வரும். முகாமை விட்டு வந்து இத்தனை வருடமாகிவிட்டது. தம்பி பிறந்தது ஊருக்குத் திரும்பிய பிறகு, அவனுக்கு இது ஒன்றும் தெரியாது. அம்மா மட்டும் இன்னும் பாதியை மூடி வைத்துக்கொண்டிருக்கிறா என்று எனக்கு அந்த மீன்துண்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதோடு கத்துவதை நிறுத்தினேன்.

பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் வேறு வழி பார்த்தேன். முட்டையை அவிக்காமல், தாளித்த வெங்காயத்துக்குள் உடைத்துவிட்டு, கிளறி, புட்டோடு சேர்த்துப் பிரட்டினேன். இடியப்பத்தையும் அப்படி உதிர்த்துப் பிரட்டினேன். மீனை முள் எடுத்து உதிர்த்து, மிளகும் தேங்காய்ப்பூவும் போட்டு வறையாக்கிச் சோற்றுக்கு நடுவில் வைத்தேன். இதில் எதைப் பிரித்தெடுத்து வீட்டுக்குக் கொண்டு வருவா? அண்டைக்குப் பெட்டி வெறுமையாக வந்தது. "கள்ளி" எண்டா, அவ்வளவுதான்.

சில கிழமை கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னா: "இப்ப நான் அவையோட ஒரே மேசையில இருந்துதான் சாப்பிடுறனான்."

"முந்தி?"

"முந்தி வெளியில படியில இருந்து சாப்பிடுவன். அவையெல்லாம் கறி மாத்திச் சாப்பிடுவினம். நான் சம்பலை என்னெண்டு மாத்துறது?"

நான் ஆறாம் வகுப்பில் இடைவேளைக்குப் பாணும் சீனியும் கொண்டுபோன காலத்தில், பெட்டி மூடியைச் சரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டு சாப்பிடுவேன். அதை அம்மாவிடம் சொன்னதே இல்லை. அண்டைக்கும் சொல்லவில்லை. துணியை மடித்தேன்.

'த லஞ்ச்பாக்ஸ்' (2013) படம் பார்த்தவர்களுக்கு, அந்தப் பெட்டி மும்பையில் வழிதவறி வேறு ஒருவரிடம் போவதும், வழித்துத் துடைத்தது மாதிரித் திரும்பி வருவதும் நினைவிருக்கும். வெறும் பெட்டியைப் பார்த்து அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சந்தோசம் வரும். அதை நான் இப்போது முழுதாக நம்புகிறேன். ஆனால் 'த கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தோசத்தின் மறுபக்கமும் தெரியும். அதைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அம்மாவின் மூன்றேகாலை நான் நாலேகாலாக வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதானே? பதினாலு வயதுப் பெடியன் ஒருவன் அதே வீட்டில் ஆறு மணி வரை குறட்டை விடுகிறான்.

அதனால் அவனை எழுப்பினேன். முதலில் அம்மம்மாதான் எதிர்த்தா, "ஆம்பிளைப் பிள்ளையைக் குசினிக்க விடுறியே" என்று. "அம்மம்மா, அவன்தான் கூடத் தின்னுறவன்" எண்டன். இப்போது தேங்காய் துருவுவதும் வெங்காயம் உரிப்பதும் அவன் வேலை. முணுமுணுத்துக்கொண்டே செய்வான், செய்யட்டும்.

போன செமஸ்ரர் பரீட்சைக் கிழமை நான் இரவு இரண்டு மணி வரை படித்தேன், விடிய எழும்பவே முடியவில்லை. மூன்று பெட்டியையும் அவனே கட்டினான். திங்கள் பாணும் பருப்பும், செவ்வாயும் பாணும் பருப்பும். புதன்கிழமை ஏதாவது மாற்றம் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. இடியப்பம் கடையில் வாங்கி, சொதி தானே வைத்து, ஒரு சின்னப் போத்தலில் விட்டு என் பையில் வைத்திருக்கிறான். மூடி இறுகவில்லை. பளை தாண்டும்போது பார்த்தால் என் நோட்ஸ் எல்லாம் மஞ்சள். பக்கத்து சீற்றில் இருந்த அன்ரி, "நல்ல மணமாக் கிடக்கு பிள்ளை" எண்டா.

பரீட்சை எழுதிவிட்டு வெறும் இடியப்பத்தைச் சாப்பிட்டேன். பின்னேரம் அவனிடம் சொன்னேன், பால்விட்டது பெட்டிக்குச் சரிவராது, அதோடு மூடியை மூன்று தரம் திருக வேண்டும் என்று. "அம்மான்ர போத்தல் சிந்தயில்லையே?" என்று கேட்டான். சிந்தவில்லை. பன்னிரண்டரைக்குப் புளிக்கவும் இல்லையாம். மேசையில் எல்லோரும் ஒவ்வொரு கரண்டி வாங்கினார்களாம்.

அந்த ஐஸ்கிறீம் பெட்டியின் வெடிப்பு இப்போது அடி வரைக்கும் போய்விட்டது. சனிக்கிழமை அப்பா வரும்போது வவுனியாவில் ஒரு நல்ல பெட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், அறை பிரித்தது வேண்டாம் என்றும் சொன்னேன். நாளைக்குச் செவ்வாய். கௌபி ஊறப்போட்டாயிற்று, முருங்கையிலையைத் தம்பி உருவிக்கொண்டிருக்கிறான், காம்போடு.