கடைசி ஓவரும் கடைசி பஸ்ஸும்

2024 பெப்ரவரி 9ஆம் திகதி பல்லேகலையில் பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 210 ஓட்டங்கள் அடித்தார். ஒருநாள் போட்டியில் இலங்கையர் ஒருவர் அடித்த முதலாவது இரட்டைச் சதம். அதை நாங்கள் நாலு பேரும் புல்லில் குந்தியிருந்து நேரில் பார்த்தோம். இப்பவும் யாரிடமாவது சொன்னால், "குடுத்து வச்ச ஆக்கள்" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த நாளை நினைத்தால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நிஸ்ஸங்க இல்லை. இருட்டில் இருந்த ஒரு பஸ் ஹோல்ட்தான்.

நாலு பேர் என்றால் ஒரு அக்குறணைக்காரி, ஒரு ஹட்டன்காரி, ஒரு வவுனியாக்காரன், ஒரு மட்டக்களப்பான். நாலு பேரும் கலைப்பீடம், ஒரே பெட்ச். கண்டிக்குப் பக்கத்தில் போர்டிங்கில் இருந்து படிக்கிறோம். மஹாபொல காசு வந்திருந்த கிழமை அது. டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் சோட் ஈட்ஸுக்கும் காணும். வேன் பிடிக்கக் காணாது.

மெச் பின்னேரம் இரண்டரைக்கு. ஒன்றரைக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்திக்கிறதென்று முடிவெடுத்தோம். அதுதான் முதல் பிழை. கிழமை நாளில் ஒன்றரை என்றால் பள்ளிக்கூடம் விடும் நேரம். கண்டியில் இருக்கிற அத்தனை பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளும், அவர்களை ஏற்ற வந்த வேன்களும், வேன்களைத் திட்டுகிற பொலிஸ்காரரும் ஒரே நேரத்தில் ரோட்டில் நிற்பார்கள். பஸ் வந்து நாங்கள் ஏறவே இரண்டு மணியாகிவிட்டது.

பஸ்ஸின் முன்கண்ணாடியில் "திகன" என்று போர்ட். அக்குறணைக்காரி அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் ஏறாமல் நின்றாள். எங்களுக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது.

2018 மார்ச்சில் நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் எரிந்த கிழமை. அவசரகால நிலை, ஊரடங்கு, பேஸ்புக் முடக்கம். எங்களில் மூன்று பேருக்கு அது செய்தி. அவளுக்கு அது அக்குறணை வரைக்கும் வந்த நெருப்பு. அதுக்குப் பிறகு அந்த ரோட்டால் அவள் போனதே இல்லையாம். உம்மாவிடம் "மெச்சுக்குப் போறன்" என்று சொன்னவள், எந்தப் பாதை என்று சொல்லவில்லை.

"நாங்க திகனக்குப் போகல்லயே, அதுக்கு முன்னுக்கே இறங்கிடுவம்" என்றாள், எங்களுக்குச் சொல்வதுபோல. ஏறினாள்.

"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கொண்டக்டர் எல்லோரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். முன்னுக்கு இடமே இல்லை. பாதிப் பேர் மெச்சுக்குப் போகிற சனம். கொடி, ஊதுகுழல், ஒரு சின்னப் பெடியனின் கன்னத்தில் சிங்கம். பக்கத்தில் நின்ற ஒரு அங்கிள் அக்குறணைக்காரியின் ஸ்காஃபைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார்: "நங்கி இன்றைக்கு எந்தப் பக்கம்? ஆப்கானிஸ்தானா?"

அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனாலும் எங்கள் நாலு பேருக்கும் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. இந்தக் கேள்வி எங்களுக்குப் பழசு. தமிழ்ப் பெடியன் கிரிக்கெட் பார்த்தாலும் இதே கேள்விதான். சிங்களவரும் கேட்பார், எங்கட ஆக்களும் கேட்பார்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒருவருக்குப் பிடிக்காது.

அவள் சிங்களத்திலேயே சொன்னாள்: "அங்கிள், இலங்கைதான் வெல்லணும். ஆனா பத்து மணிக்கு முந்தி வெல்லணும். போர்டிங் கேட் பூட்டிருவாங்க."

பஸ்ஸே சிரித்தது. அங்கிள் தன் கையிலிருந்த கடலைச் சுருளை நீட்டினார்.

தென்னகும்புர பாலத்தில் மகாவலியைக் கடந்து, குண்டசாலை தாண்டி, பல்லேகலையில் இறங்கி நடந்து, வரிசையில் நின்று உள்ளே போகும்போது மூன்றே முக்கால். கண்டியில் இருந்து பத்துக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதுக்கு எங்களுக்குப் போன நேரம் இது.

வவுனியாக்காரனுக்கு எரிச்சல். "முந்தி மாதிரி அஸ்கிரியவில வச்சிருந்தா நடந்தே போயிருக்கலாம்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அஸ்கிரிய மைதானம் டவுனோடேயே இருப்பது. 2007 டிசம்பரில் முரளிதரன் 709ஆவது விக்கெட்டை எடுத்து ஷேன் வோர்னைத் தாண்டியது அங்கேதான். அதுதான் அங்கே நடந்த கடைசி டெஸ்ட் போட்டியும். 2009இல் பல்லேகலை திறந்தது. 35,000 பேருக்கு இடமுள்ள மைதானத்தை டவுனுக்குள் கட்ட முடியாதுதான். ஆனால் மைதானத்தை வெளியே கொண்டுபோனால், கூடவே பஸ்ஸையும் கொண்டுபோக வேண்டும். அதை யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. காரில் வருகிறவர்களுக்குப் பார்க்கிங் எங்கே என்று போலிஸ்காரர் கை காட்டுகிறார். பஸ்ஸில் வந்தவர்கள் திரும்பிப் போவது எப்படி என்று யாரிடம் கேட்பது?

உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோனது. இன்னும் ஒரு விக்கெட்டும் விழவில்லை. பின்னுக்கு மலை, கீழே பச்சைப் பசேலென்று மைதானம். ஜயசூரியவின் 189ஐ நிஸ்ஸங்க தாண்டியபோது முழு மைதானமும் எழும்பியது. ஜயசூரிய அதை அடித்தது 2000ஆம் ஆண்டு. எங்களில் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. 200 வந்தபோது ஹட்டன்காரி அழுதுவிட்டாள். அவளுக்கு ஏன் அழுகை வந்ததென்று அவளுக்கே தெரியாது.

இலங்கை 381. பிறகு ஆப்கானிஸ்தான் 55க்கு 5 விக்கெட். மணி ஏழரை இருக்கும். "எட்டரைக்கு முடிஞ்சிரும், பஸ் இருக்கும்" என்றான் மட்டக்களப்பான். போர்டிங் அன்ரியிடம் பெண்கள் இரண்டு பேரும் பத்து மணி வரைக்கும் கேட்டு வாங்கியிருந்தார்கள். கணக்குச் சரியாக இருந்தது.

அதுக்குப் பிறகு மொஹமட் நபியும் அஸ்மதுல்லா ஒமர்சாயும் ஆடினார்கள். ஆறாவது விக்கெட்டுக்கு 242 ஓட்டங்கள். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு அது அற்புதமான இணைப்பாட்டம். ஒவ்வொரு நாலும் எல்லைக்குப் போகும்போது நாங்கள் மணியைப் பார்த்தோம். எட்டு. எட்டரை. ஒன்பது. இருவரும் அவுட் ஆவதாக இல்லை. சுற்றியிருந்தவர்கள் இலங்கை தோற்றுவிடுமோ என்று பயந்தார்கள். எங்களுக்குப் பயம் வேறு.

ஒன்பதேகாலுக்கு எழும்பினோம். "நீங்க ரெண்டு பேரும் இருங்க, நாங்க போறம்" என்றாள் ஹட்டன்காரி. ஆண்கள் அதைக் கேட்கவில்லை. நாலு பேருமாக வெளியே வந்தோம். நாட்டின் மிகப் பெரிய இன்னிங்ஸைப் பார்த்துவிட்டு, முடிவைப் பார்க்காமல்.

ஹோல்ட்டில் பஸ் இல்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். மைதானத்தில் இருந்து சத்தம் வரும், அடங்கும். ஓட்டோக்காரர் ஒருவர் கண்டிக்குச் சொன்ன விலையைக் கேட்டு நாங்கள் மரியாதையாகத் தலையாட்டி அனுப்பிவிட்டோம். அக்குறணைக்காரி திகனப் பக்கத்தைப் பார்த்தபடியே நின்றாள். கண்டிக்குப் போகிற பஸ் அந்தப் பக்கத்தில் இருந்துதான் வரவேண்டும்.

கடைசியில் வந்தது தூரத்தில் இருந்து வந்த ஒரு பஸ். கையைக் காட்டினோம், நிறுத்தினார்கள். ஏறியதும் டிரைவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்கோர் எக்க கீயத?"

போனில் சார்ஜ் இருந்தது அக்குறணைக்காரியிடம் மட்டும்தான். கண்டி வரும்வரை அவள்தான் சிங்களத்தில் முழு பஸ்ஸுக்கும் ஸ்கோர் வாசித்தாள். நபி ஆட்டமிழந்தபோது பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழும்பிக் கை தட்டினார். கொண்டக்டரிடம் கேட்டோம், ஏன் மெச் நாளில்கூட பஸ் இல்லை என்று. "வெறும் பஸ்ஸை ஓட்டினா டீசலுக்கும் காசு வராது நங்கி. மெச் எத்தனை மணிக்கு முடியும்னு எங்களுக்கு யார் சொல்றாங்க?" என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. அன்றைய வசூலில் ஓடுகிற பஸ் அப்படித்தான் ஓடும். பொதுப் போக்குவரத்து என்கிறோம், ஆனால் ஆளில்லாத நேரத்தில் அது யாருடைய பொறுப்பும் இல்லை.

இலங்கை 42 ஓட்டங்களால் வென்றது. நாங்கள் கண்டியில் இறங்கி, அங்கிருந்து கடைசியில் ஓட்டோ பிடித்துத்தான் போனோம். டிக்கெட், பஸ், கடலை எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த ஓட்டோவுக்குக் கிட்ட வராது. போர்டிங் கேட் பூட்டியிருந்தது. அன்ரி வந்து திறந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் இரண்டு வீட்டுக்கும் கோல் எடுத்தார்.

ஹட்டனில் அப்பா பேசினார். அக்குறணையில் வாப்பா பேசவே இல்லை. அது இன்னும் மோசம். ஆண்களின் வீட்டுக்கு யாரும் கோல் எடுக்கவில்லை. அவர்களுடைய போர்டிங்கில் கேட்டே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அதே மைதானத்தில் இரண்டாவது போட்டி. இந்தக் கட்டுரை முழுக்க "நாங்கள்" என்றுதான் எழுதியிருக்கிறோம். அன்றைக்குப் போனது நாங்கள் இல்லை. வவுனியாக்காரனும் மட்டக்களப்பானும் மட்டும் போனார்கள். மற்ற இரண்டு பேரும் போர்டிங்கில் இருந்து போனில் பார்த்தார்கள்.

அன்று ஆப்கானிஸ்தான் 153க்குச் சுருண்டது. மெச் நேரத்தோடேயே முடிந்தது.

பஸ் இருந்தது.